துருக்கித் துப்பாக்கியும் 133 பேரும்

துப்பாக்கி என்கிற சொல்லே ஒரு இறக்குமதிச் சரக்குதான். துருக்கி மொழியில் 'துஃபெக்'. அது கைமாறிக் கைமாறித் தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி' ஆகி, தமிழில் துப்பாக்கி ஆகிவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் சொல்கிற துவக்கு, சிங்களத்துத் 'துவக்குவ' எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள் போலத்தான் கேட்கிறது. ஆக, "துருக்கியில இருந்து சீப்பா துப்பாக்கி வருதாம்டா" என்று எங்கள் கூட்டாளி ஒருத்தன் புதுச் செய்தி மாதிரி சொன்னபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சொல் எப்பவோ வந்து இறங்கிவிட்டது, பொருள்தான் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை.

நாங்கள் நாலு பேர். தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து பேராதனை கலைப்பீடத்துக்குப் போனவர்கள். அந்தக் கூட்டாளிக்கு யூடியூப்பில் துப்பாக்கி விமர்சனம் பார்ப்பது ஒரு வியாதி. அமெரிக்காவில் யாரோ ஒரு மாமா, பின்னால் சுவர் நிறைய துப்பாக்கி, முன்னால் புதுசா ஒன்று. பெட்டியைப் பிரிக்கிறார், குழலைப் பார்க்கிறார், கட்டையைத் தடவுகிறார். ஃபோன் அன்பொக்ஸிங் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனோடு உட்கார்ந்து நாங்களும் கொஞ்ச நாள் பார்த்தோம். பிடிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். வால்நட் மரத்தில் செய்த பிடியும், கருநீலமாக மினுங்குகிற குழலும் பார்க்க அழகுதான்.

அந்த வீடியோக்களில் அடிக்கடி வருகிற பெயர் ஹூலு. துருக்கியில் கொன்யா மாகாணத்தில், பெய்ஷெஹிர் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். ரூமி அடக்கமாகியிருக்கிற அதே கொன்யாதான். ஊரே வேட்டைத் துப்பாக்கி செய்கிற ஊர். வீட்டுக்கு வீடு பட்டறை வைத்திருந்தவர்கள் 1962இல் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் அவர்களுடைய சரக்கு போகிறது. சில சமயம் வேறு நாட்டுக் கம்பனியின் பெயர் குத்தப்பட்டும் போகிறது. இத்தாலிப் பெரெட்டாவோ பிரௌனிங்கோ இரட்டைக்குழலில் வாங்கப் போனால் இரண்டாயிரம் டொலரைத் தாண்டும். துருக்கிக்காரன் செய்தது அறுநூறு எழுநூறுக்குக் கிடைக்கும். லீரா சரியச் சரிய டொலர்க்காரனுக்கு இன்னும் மலிவு. ஐபோன் வாங்க முடியாதவன் ரெட்மி வாங்குகிற கணக்கு. இந்தக் கதையைத் தேடிப் படித்தபோது எங்களுக்குப் பொறாமை வந்தது துப்பாக்கி மேல் இல்லை, அந்தச் சங்கத்தின் மேல். கொழுந்து பறிக்கிற கைகள் இப்படி ஒரு சங்கம் கட்டித் தேயிலையைத் தாங்களே விற்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறுநூறு டொலர், டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்தால் 133 வருகிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். அப்படியென்றால், அரைப்பேர் ஒன்றுகூட விழாமல், சோறு தின்னாமல், கடைக்கடன் கட்டாமல் 133 பேர். "மலிவு விலையில் சேகரிக்கலாம்" என்று அந்த மாமா சொல்கிற மலிவு இது.

மலிவு என்பது எல்லையைத் தாண்டினால் மாறிப் போகிறது. 2023 ஏப்ரல் 15ஆம் திகதி பிரயாக்ராஜில் அத்தீக் அகமதுவையும் அவருடைய தம்பியையும் கமராக்களுக்கு முன்னாலேயே சுட்டார்களே, அதில் கைப்பற்றியவற்றில் துருக்கியின் 'ஜிகானா' பிஸ்டலும் இருந்தது. ஊரில் சாதாரண விலைக்குப் போகிற சாமான், சட்டப்படி இறக்க முடியாத நாட்டுக்குள் வந்ததும் லட்சக்கணக்கில் பேசப்படுகிறது. சேகரிப்பாளன் சுவரில் மாட்டுவதும் அதே பட்டறைகள் இருக்கிற நாட்டில் இருந்து வந்ததுதான்.

எங்கள் மலையில் துப்பாக்கி சேகரித்தவர்களே இல்லையா என்று கேட்டால், இருந்தார்கள். நிறையவே. நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. பதுளையில் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைகளின் சாபம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எங்களுக்குப் பிடிக்கும், நம்புவது வேறு விஷயம். அவருக்குப் பின்னால் சாமுவேல் பேக்கர் வந்து நுவரெலியாவில் பண்ணை போட்டார். துப்பாக்கியையும் வேட்டை நாயையும் தலைப்பிலேயே வைத்து இலங்கை வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பின் சுவர்களில் மிருகத் தலைகள் மாட்டியிருக்கும். இன்றைக்கு எங்கள் மலைகளில் யானை பார்க்க முடியாது. காடு வெட்டி முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்டதும், இந்த வேட்டையும் சேர்ந்து முடித்த வேலை அது.

தொரை பங்களாவில் துப்பாக்கி இருந்தது. லயத்தில் இல்லை. நூறு வருடக் கதையை இந்த இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எங்கள் ஆட்கள் துப்பாக்கியை அனேகமாக வாய்ப்பக்கத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்ட பக்கத்து முல்லோயா தோட்டம். சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம், சமசமாஜக்காரர்கள் கட்டிய தொழிற்சங்கம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம்.

1977 மே 11. இது எங்கள் வாசலில் நடந்தது. தேசியமயமாக்கப்பட்ட தோட்டங்களில் இருந்து ஏழாயிரம் ஏக்கர் அளவு காணியைப் பிரித்து வெளியாட்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் தொழிலாளர்கள் மறித்தார்கள். டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் விழுந்தார். அதற்குப் பிறகு மலையகமே வேலையை நிறுத்தியது, அந்தக் காணித் திட்டமும் நின்றது. டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க ஹட்டன் வீதியில் நிற்கிற வேன்கள் எத்தனை! பின்னணியில் அருவியை வைத்து எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு தோட்டம் இருப்பதும், அங்கே ஒருவர் காணிக்காகச் சுடப்பட்டதும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாங்களும் படித்ததில்லை. எங்களில் ஒருத்தியின் அப்பாயி, டெவன் என்று பேச்செடுத்தாலே "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று எழும்பிப் போய்விடுவார்.

சேகரிப்பாளர்கள் ஒரு துப்பாக்கியின் முழு ஜாதகத்தையும் எழுதி வைப்பார்கள். எந்த வருடம், எந்தப் பட்டறை, தொடர் இலக்கம் என்ன, எத்தனை கை மாறியது. கோவிந்தனைச் சுட்ட துப்பாக்கிக்கும் லெட்சுமணனைச் சுட்ட துப்பாக்கிக்கும் இலக்கம் இருந்திருக்கும், ஏதோ ஒரு பதிவேட்டில் திகதி போட்டுத் திருப்பி வைத்திருப்பார்கள். அந்த ஜாதகத்தை யாராவது சேகரித்தால் நாங்கள் காசு கொடுத்து வாங்கிப் படிப்போம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் துப்பாக்கியை ஆள்வது இன்றைக்கும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான், இடையில் திருத்தங்கள் வந்திருக்கின்றன. உத்தரவுப் பத்திரம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அழகாக இருக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுவோம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. 2024 கடைசியில் தனிப்பட்ட பாதுகாப்புக்காகக் கொடுத்திருந்த துப்பாக்கிகளைக்கூடத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. எங்களுக்கு இதில் சந்தோஷம்தான். அமெரிக்கா மாதிரி ஆக வேண்டும் என்று எந்த ஆசையும் இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பயிரைக் காப்பாற்ற என்று விண்ணப்பிக்கலாம். அப்போது காணி கேட்பார்கள். யாருடைய காணி, எவ்வளவு, என்ன பயிர். கிராமத்தில் வயல் வைத்திருக்கிறவர் பதில் சொல்லிவிடுவார். லயத்துக்குப் பின்னால் கிழங்கும் போஞ்சியும் போட்டிருக்கிறவர் என்ன சொல்வது? அந்த மண் அரசாங்கத்துடையது, 1992இல் இருந்து கம்பனிகளின் கையில் இருக்கிறது. அவர் தண்ணி ஊற்றுகிறார், உரம் போடுகிறார், பத்திரத்தில் அவர் இல்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்று பேச்சு வந்து எத்தனையோ வருடமாகிறது. உறுதி கைக்கு வந்த குடும்பங்களை நாங்கள் விரல் விட்டு எண்ணுகிற நிலையில்தான் இருக்கிறோம். காம்பராச் சுவரே நம்முடையது இல்லை எனும்போது அதில் துப்பாக்கி மாட்டுகிற கேள்வி எங்கே வருகிறது.

துப்பாக்கி கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், இல்லையென்றால் யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுவார்கள். காணி இல்லாதவனுக்குச் சட்டத்தில் எந்த வாசலும் இல்லை, பன்னிக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியை உழுதுவிட்டுப் போய்விடும். அதனால் மலையில் கம்பிதான். பிரேக் கம்பியைச் சுருக்காகப் போட்டுப் பன்னி வருகிற தடத்தில் கட்டிவிடுவார்கள். கம்பிக்குக் கண் கிடையாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள், சில நாளில் செத்துப் போனது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ சிறுத்தைகள் தேயிலைக்குள் கம்பியில் மாட்டியிருக்கின்றன. கொழும்பு முகநூலில் தோட்டத்து ஆட்களைக் கொலைகாரர்கள் என்று எழுதினார்கள். கம்பி கட்டுவது சரி என்று நாங்கள் சொல்ல மாட்டோம், சட்டப்படியும் அது குற்றம். ஆனால் அந்தப் பதிவுகளில் ஒன்றிலாவது கிழங்குப் பாத்தி யாருடையது என்ற கேள்வி இருக்கிறதா என்று தேடினோம். எங்கள் கண்ணில் படவில்லை.

கம்பி கட்டாத வீடுகளில் தகரம் தொங்குகிறது. பழைய பிஸ்கட் டின், உள்ளே ஒரு இரும்புத் துண்டு, அதில் இருந்து காம்பரா ஜன்னல் வரைக்கும் ஒரு கயிறு. ராத்திரி சத்தம் கேட்டால் படுத்தபடியே இழுப்பார்கள். பன்னிக்கு இப்போது அந்தச் சத்தமும் பழகிவிட்டது என்கிறார்கள்.