பெஸ்தாரி ஜெயாவில் ஒரு பிங்க் புத்தகம்

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் சாலையில் இரு பக்கமும் செம்பனைதான். 2007 வரை இந்த ஊரின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கர்ப்பிணியான அண்ணன் மகளோடு அந்தப் பக்கத்து அரசாங்கத் தாய்சேய் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அவளுக்கு அன்று சர்க்கரைச் சோதனை. இரவிலிருந்து பட்டினி. முதலில் ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். கர்ப்பகால நீரிழிவு நம் பெண்களிடம் அதிகம் என்பதால் இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

காத்திருந்தவர்கள் எல்லார் கையிலும் பிங்க் புத்தகம், அதில் ஒரு வண்ண அடையாளம். வெள்ளை என்றால் மிஸ்ஸியே கவனித்துக்கொள்வார். பச்சைக்கு கிளினிக் டாக்டர். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்புவார்கள். சிவப்புக்கு உடனே மருத்துவமனை.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மஞ்சள். மிஸ்ஸி மலாயில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர், “என்ன சொன்னாங்க அக்கா?” என்று எங்களைக் கேட்டார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அவரோ ஒரு கல்யாணம் முடிந்து மருத்துவமனைக்குப் போகலாம் என்றிருந்தார். அண்ணன் மகள் அவரைத் திரும்ப உள்ளே கூட்டிப்போனாள். மிஸ்ஸி கோபிக்கவில்லை. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் பெண் தமிழில் சொன்னாள்.

நம் பெண்கள் பலருக்குக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம். புரியும்வரை கேட்பது நோயாளியின் உரிமை. கையெழுத்துக் கேட்டால் எதற்கு, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேட்கலாம். தனியார் மருத்துவமனை என்றால் செலவு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். ஒரே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்த கணவனுக்கும் 7 நாள் உண்டு. பிரசவத்துக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போகிறவர்கள் அந்த முகவரியைக் கிளினிக்கில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிறந்த முதல் நாள்களில் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். முகவரி தப்பினால் யாரைத் தேடுவார்? பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றால் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அது போதாது, ரத்தத்தில் அளவைப் பார்க்க வேண்டும். பிங்க் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள்தான் தவணை. பெயர் பொருத்தம் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிவிடுகிற வீடுகள் நம்மிடம் உண்டு.