வைக்கோல் விரிப்பு

ஒரு மார்கழியில், நைனார்பாளையத்திலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏழு நாள் முகாம் சென்றிருந்தேன். சமவெளிப் பனியையே அறிந்த எங்களுக்கு மலைக்குளிர் புதிது.

முதல் இரவு, புதிதாக வாங்கிய உறக்கப்பைக்குள் நுழைந்து உறங்கிவிட்டேன். நள்ளிரவில் விழித்தபோது, மாணவன் ஒருவன் வெறுந்தரையில் வேட்டியைப் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தான். “குளிரவில்லை ஐயா” என்றான். போர்வை இல்லையென்று சொல்ல அவன் நாணினான். கேளாமல் உறங்கியதற்கு நான் நாணினேன். உறக்கப்பையை அவனிடம் கொடுத்தேன்.

மறுநாள் மாலை, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வைக்கோலைக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். “குளிர் தரையிலிருந்துதான் ஏறும், வாத்தியாரே” என்றார். நம் உடல்வெப்பம் தரைக்குள் இறங்குவதையே அவர் அவ்வாறு சொன்னார். உறக்கப்பையோ போர்வையோ வெப்பத்தைத் தருவதில்லை; இழைகளுக்கிடையே காற்றைத் தேக்கி, நம் வெப்பத்தை வெளியேறாமல் காக்கின்றன. உடலின் எடையால் உறக்கப்பையின் அடிப்பகுதி நசுங்கிக் காற்றை இழப்பதால், அதற்கும் கீழே ஒரு விரிப்பு வேண்டும்.

அன்றிரவு அனைவரும் அவ்வைக்கோலின்மீதே உறங்கினோம். அதன்பின், முகாமுக்குப் புறப்படுமுன் எவரிடமும் “போர்வை இருக்கிறதா?” என்று நான் கேட்பதில்லை, சில போர்வைகளைக் கூடுதலாக எடுத்துச் செல்கிறேன்.