ஸ்ட்ரக்டும் சம்பளப் பட்டியலும்

சி மொழியில் சம்பளப் பட்டியல் போடும் சிறு நிரலொன்றை எழுதப் புகுவோர், ஊழியரின் பெயர், எண், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ஆகியவற்றைத் தனித்தனி அணிகளாகச் சிதறவிடாமல், 'ஸ்ட்ரக்ட்' என்னும் ஒரே கட்டமைப்பில் சேர்த்து வைப்பார்களாயின், பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கும்போது ஒருவர் சம்பளம் மற்றொருவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அனர்த்தத்துக்கு இடமேயில்லை. இவ்வசதியை அம்மொழியைப் படைத்த டென்னிஸ் ரிச்சி சேர்த்த பின்னரே, 1973-இல், யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவை சி மொழியில் திருப்பி எழுதுவது சாத்தியமாயிற்று என்பது சரித்திரம்.

ஆயினும், பணத்தை 'ஃப்ளோட்' என்னும் பின்ன எண் வகையில் வைத்தல் உசிதமன்று என்பதே என் அபிப்பிராயம்; பத்துப் பைசா, அதாவது 0.10 ரூபாய், இரும எண்முறையில் முடிவுறாப் பின்னமாதலால், பலர் சம்பளத்தைக் கூட்டுகையில் பைசாக் கணக்கு பிசகக்கூடும். ஆகவே, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த 15,000 ரூபாயை 15,00,000 பைசாவென முழு எண்ணில் வைத்து, அதில் 12 சதவீதமாகிய 1,80,000 பைசாவை வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பதே யுக்தம்.