விடிந்தும் விடியாத அந்த நாள்



என் மகளின் முதல் அழுகையை நான் கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஐந்து நாட்கள் எடுத்தன.

2012ஆம் ஆண்டு. முகாமிலிருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கம் தகரக் கொட்டிலில் மீளக் குடியேறியிருந்தோம். கணவர் வவுனியாவில் மேசன் வேலை. எனக்கு எட்டாம் மாதம். முதலில் கால் வீங்கியது. பிறகு முகமும் கையும் வீங்கி, விரலில் மோதிரம் இறுகியது. "பிள்ளைத்தாச்சிக்கு உது வழமைதானே" என்றார் மாமி. பஸ்ஸுக்குக் காசில்லாமல் அந்த மாதக் கிளினிக்கையும் விட்டுவிட்டேன்.

ஒரு கிழமையாகத் தலையிடி. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போல இருக்கும். பிறகு கறுப்புப் புள்ளிகள் ஓடும். வெயில் என்று நினைத்தேன். அழுதழுது பழுதாய்ப்போன கண் என்றும் நினைத்தேன். செல்லடியில் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு நடந்து வந்தவள் நான். தலையிடியை ஒரு வருத்தமென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒருநாள் காலை எழும்பினேன். ஒரே இருட்டு. "மாமி, விளக்கைக் கொளுத்துங்கோ" என்றேன்.

"என்ன பிள்ளை, வெயில் ஏறிட்டுதே!"

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரசர் 170/110. சிறுநீரில் புரதம். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேற் ஏற்றி, பிரசரைக் குறைக்க மருந்து தந்து, சீசர் செய்து பிள்ளையை எடுத்தார்கள். நிறை 1.8 கிலோ. மூன்றாம் நாள் யன்னல் வெளிச்சம் தெரிந்தது. ஐந்தாம் நாள் தாதி கைப்பிடித்துக் கூட்டிப்போக, கண்ணாடிப் பெட்டிக்குள் மகளைக் கண்டேன்.

"பிரசர் கூடினதால் விழித்திரைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. இப்ப வற்றுது. சிலருக்கு மூளையின் பின்பக்கம் வீங்கியும் பார்வை போகும். கனபேருக்குத் திரும்பி வரும். எல்லாருக்கும் வரும் என்றில்லை. பிந்தியிருந்தால் உங்கள் இரண்டு பேரின் உயிருக்கும் ஆபத்து" என்றார் டொக்டர்.

சகோதரிகளே, கர்ப்பத்தில் 20 கிழமைக்குப் பிறகு பிரசர் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும். விடாத தலையிடி, கண் மங்குதல், கண்ணில் மின்னுதல், மேல்வயிற்று நோ, திடீரென முகம் கை வீங்குதல் என்பவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரையும் இது வரலாம். அன்று எங்களுக்கு இல்லாத வசதி இன்று இருக்கிறது: 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அடுத்த பிள்ளை தங்கியபோது முதல் கிளினிக்கிலேயே நடந்ததைச் சொன்னேன். டொக்டர் சிறிய அளவில் அஸ்பிரின் தந்தார். ஒரு கிளினிக்கும் விடவில்லை. மகன் பிறந்த உடனேயே அவன் முகத்தைப் பார்த்தேன்.

எவ்வளவையோ பொறுத்துப் பழகியவர்கள் நாங்கள். இதை மட்டும் பொறுக்க வேண்டாம். வாய் திறந்து சொல்லுங்கள்.