புள்ளி தொலைந்த ஊர்

தமிழ் படித்தவர்களுக்குத் தரவுத்தளத்தில் என்ன வேலை என்று, சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை நாமும் கேட்டிருப்போம். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் நம் வீட்டுத் திண்ணையில் பழைய மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்து அமர்ந்தபோதுதான் அந்தக் கேள்வி அடங்கியது. வேதியியல் படித்தவர், முதற்பகுதித் தமிழுக்காக நம் வகுப்பில் இருந்தவர். இப்போது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறார்.

"ஐயா, பட்டியல் காலியா வருது. வெள்ளிக்கிழமை பலகையில ஒட்டணும்" என்றார்.

பண்டிகை ஊக்கத்தொகை பெறுவோர் பட்டியல் அது. உறுப்பினர் பதிவேடு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. கூலிக் கணக்கு ஆரக்கிளில். இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால் அமைக்கப்பட்டவை. ஆரக்கிளிலிருந்து மற்றதற்கு ஓர் இணைப்பு கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் காட்டும் 'வியூ' ஒன்றை அவர் எழுதியிருந்தார். உறுப்பினர் எண் இரண்டிலும் ஒன்றாக இல்லாததால், பெயரும் ஊரும் பொருந்தினால் ஆள் ஒருவரே என்று வைத்துக்கொண்டிருந்தார்.

வியூ என்பதைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் நமக்குப் பிடித்திருந்தது. அதற்குள் தரவு எதுவும் கிடையாது. அது ஒரு கேள்வி மட்டுமே. திறக்கும்போதெல்லாம் இரண்டு வீடுகளுக்கும் ஓடிப்போய்க் கேட்டு வந்து விடை சொல்லும். ஆகவே வியூவில் பிழை தெரிந்தால், பிழை வியூவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தலையில் கொம்பும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தனவாம். பழைய அட்டவணை இலத்தீன்-1 எழுத்துத் தொகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உள்ளே போனவையோ யூனிகோடு பைட்டுகள். 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை மைஎஸ்கியூஎல்லின் இயல்பான தொகுதி இலத்தீன்-1தான். இதை அவரே கண்டுபிடித்து இணைப்பைத் திருத்திவிட்டார். எழுத்துகள் தமிழாயின. ஆனால் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

இரண்டு அட்டவணைகளையும் தனித்தனியே காட்டச் சொன்னோம். இங்கும் ஆட்கள் இருந்தார்கள், அங்கும் இருந்தார்கள். இரண்டிலும் ஊர் காஞ்சிபுரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: பதிவேட்டில் இருந்தது 'காஞ்சிபுரம'. மகரத்தின் மேல் புள்ளி இல்லை.

நீளத்தைப் பைட்டில் கேட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் 33, மற்றதில் 30. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. காஞ்சிபுரம் என்பதில் காலும் கொக்கியும் புள்ளியும் சேர்த்துக் குறியீடுகள் 11. பழைய அட்டவணையோ ஒரு பைட்டை ஓர் எழுத்தாக எண்ணியது. ஊருக்கு ஒதுக்கிய அகலம் 30. அந்த நாளைய அமைப்பில் மைஎஸ்கியூஎல் ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு மிஞ்சியதை வெட்டிப்போட்டுவிடும். வெட்டுப்பட்டது, நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, சரியாகப் புள்ளி. ஊரே பொருந்தாதபோது ஆள் எப்படிப் பொருந்துவார்?

நமக்குச் சிரிப்பு வந்தது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். எகர ஏகாரங்கள் ஒன்றுபோல் இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இப்படிப்பட்ட ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டே பாடத்தைத் தீர்மானித்தார். பதிப்பியல் பாடத்தில் நாம் ஆண்டுதோறும் சொல்வது ஒன்றுதான்: ஏடுகளைக் கலந்து படிக்காதே, ஒவ்வொன்றையும் தனியே படி, பிறகு ஒப்பிடு, வேறுபாட்டை அழிக்காமல் குறித்துக்கொள். அதையே இங்கும் செய்யலாம் என்றோம். இரு பக்கத்தும் எண்ணிக்கை எடுப்பது. பொருந்தியவர்களை மட்டும் காட்டாமல், பொருந்தாதவர்களையும் எதிரே வெற்றிடம் விட்டுக் காட்டும்படி கேள்வியை மாற்றுவது.

ஊர்ப்பெயரைச் சரிசெய்து அவ்வாறு கேட்டதில் 23 பேர் மிஞ்சினார்கள். "இந்த 23 பேரைக் கையால சேர்த்துடட்டுமா ஐயா?" என்றார் மாணவர். வேண்டாம் என்றோம். அடுத்த ஆண்டும் அதே 23 பேர் விழுவார்கள். அப்போது எண்ணிப் பார்க்க யாரும் இல்லாமல் போகலாம்.

விழுந்தவர்களில் 19 பேர் கோமதி, யசோதா, லோகநாதன் என்று ஓகாரமோ ஒகரமோ ஏறிய பெயர்கள் கொண்டவர்கள். திரையில் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுதான். "தட்டச்சு செய்த அம்மா எங்கோ தப்பாக அடித்திருப்பார்" என்று நாம் சொல்லிவிட்டோம். அந்த அம்மையார் சங்கத்தில் நெடுநாள் வேலை செய்பவர். மாணவர் அப்போதே கைப்பேசியை எடுத்து அவரிடம் கேட்டார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிபார்த்துதான் சார் அடிச்சேன்" என்ற குரல் நமக்கும் கேட்டது.

பைட்டுகளை எண்களாகக் காட்டும் கட்டளை இரண்டு தரவுத்தளங்களிலும் உண்டு. அதை இட்டுப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. யூனிகோடில் 'கோ' என்று எழுத இரண்டு வழிகள் உள்ளன. ககரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம்; ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். இரண்டும் நிகரானவை என்பது யூனிகோடின் விதி. ஆனால் ஆரக்கிள் இயல்பாகப் பைட்டுக்குப் பைட்டு வைத்தே ஒப்பிடும். அதன் கண்ணில் இவர்கள் வேறு வேறு ஆட்கள். அம்மையார் பயன்படுத்திய விசைப்பலகை மென்பொருள் இரண்டாம் வழியில் எழுதியிருந்தது. அவர் அடித்ததில் ஒரு பிழையும் இல்லை. இருவகையையும் ஒருவகையாக்கும் 'கம்போஸ்' என்ற செயற்கூறு ஆரக்கிளில் இருக்கிறது. அதை இட்டதும் 19 பேரும் வந்து சேர்ந்தார்கள்.

எஞ்சியவர் நால்வர். நால்வரும் பெண்கள். நால்வருக்கும் தலைப்பெழுத்து இல்லை. அவர்கள் உறுப்பினரான நாளில் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ யாரும் எழுதிக்கொள்ளவில்லை போலும்.

பதிவேட்டில் முன்பு அந்த இடம் வெற்றுச்சரமாக இருந்தது. அதாவது, எழுதப்பட்டது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இடையில் ஒருமுறை பதிவேட்டை ஆரக்கிளுக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவந்தார்களாம். வெற்றுச்சரமும் 'நல்' எனப்படும் இன்மையும் ஆரக்கிளுக்கு ஒன்றே. மைஎஸ்கியூஎல்லுக்கு வேறு வேறு. வெறுமையாகப் போனது இன்மையாகத் திரும்பியது. மைஎஸ்கியூஎல்லில் தலைப்பெழுத்தையும் பெயரையும் ஒட்டும்போது ஒன்று நல் என்றால் முழுவதும் நல். அந்த நல் வேறெதற்கும் சமமாகாது. இன்னொரு நல்லுக்கும் சமமாகாது. முன்னெழுத்து இல்லை என்பதற்காக முழுப் பெயரும் போயிற்று.

"ஒரு எழுத்தை நாமளே போட்டுடலாமா?" என்று கேட்டார் மாணவர். இல்லாத தகப்பனை நாம் எழுதக்கூடாது தம்பி என்றோம். நல்லை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் ஒட்டும் கட்டளையும் அதிலேயே இருந்தது. நால்வரும் தம் பெயரோடு மட்டும் பட்டியலில் ஏறினார்கள்.

காஞ்சிக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படும். தறியில் இருவர் அமர்ந்து ஊடையை ஊடையோடு கோத்துக்கொண்டே வருவார்கள். கோர்ப்பு விட்டுப்போனால் கரை தனி, உடல் தனி. இந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் ஒரு பட்டியலில் அது விட்டுப்போனபோது, முதலில் நம் விரல் நீண்டது தட்டச்சு செய்தவரை நோக்கித்தான்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டப்பட்டது. நாம் அன்று மாலை சங்கத்துக்குப் போய் அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதனால என்ன சார்" என்றவர், சற்றுப் பொறுத்து, "நான் அடிச்சப்ப சரியாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

சரியாகத்தான் தெரிந்தது, நமக்கும்.