கத்திரி வெயிலில் கொதித்த கார்

மே 4

அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடக்கம். சேலமே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டது போல அடிவாரத்திலேயே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் ஹீட் முள் நடுவிலிருந்து மேலே நகர ஆரம்பித்தது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டேன். பின் சீட்டில் ஒரே கூச்சல். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை நம் முழங்காலில் இறக்கிவிடும். முள் சிவப்பைத் தொடுவதற்குள் ஓர் அகலமான இடம் கிடைத்தது, ஓரம் கட்டினேன்.

பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டர் மூடியோரம் புஸ்ஸென்று ஆவி. மச்சான் தண்ணீர் பாட்டிலோடு தயாராக நிற்கிறார். "மாப்ள, மூடியத் தெறந்து ஊத்துனா ஆறிப்போயிரும்." நான் விடவில்லை. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் மூடி தளர்ந்த நொடியில் முகத்தில் பொங்கும். சூடேறிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசலும் விடலாம். மேல் ஹோஸ் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும் என்று உட்கார்ந்துவிட்டோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆறிய பிறகு திறந்து பார்த்ததில் ஒரு விஷயம் உறுத்தியது. ரேடியேட்டரின் ஸ்பேர் பாட்டிலில் தண்ணீர் ஃபுல் கோட்டுக்கு மேலேயே இருக்கிறது. ரேடியேட்டருக்குள் விரல் விட்டால் தண்ணீர் தட்டுப்படவே இல்லை! நிரப்பிக்கொண்டு கீழே இறங்கினேன். மற்றவர்கள் பஸ் ஏறி மேலே போனார்கள்.

மே 5

காலையில் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே தீர்ப்பு வந்தது: "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார். ஹெட்ட இறக்கி ஃபேஸிங் அடிச்சிரலாம். அப்படியே தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசிரலாம், நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?"

செலவு அதிகமான இடத்திலிருந்து தேட ஆரம்பிப்பது நம் பட்டறைகளின் பழக்கம். வண்டி எங்கே சூடானது என்று முதலில் கேட்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன், ரிலே, சென்சார் பக்கம் போகலாம். ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் ஏறினால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பாடி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நேற்று ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேஸ்கட்டையும் சும்மா விடவில்லை. ஆயில் குச்சியை உருவினால் ஆயில் பால் விட்ட டீ போல வெளுத்திருக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். தொடர்ச்சியாகக் குமிழி கிளம்பவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட்டை இறக்க ஒரு காரணமும் இல்லை.

நேற்று நிரப்பிய தண்ணீர் ரேடியேட்டரில் மறுபடி இறங்கியிருந்தது. இறங்கிய அளவு பாட்டிலில் ஏறியிருந்தது. தண்ணீர் ஒழுகவில்லை, போனது திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். என்ஜின் சூடானால் தண்ணீர் விரிந்து மூடியின் பெரிய வால்வைத் தள்ளிக்கொண்டு பாட்டிலுக்குப் போகும். ஆறினால் நடுவிலுள்ள சின்ன வால்வு வழியாக உறிஞ்சப்பட்டுத் திரும்பும். ரேடியேட்டருக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு மெல்லிய டியூப். அது கழுத்தருகே வெடித்திருந்தது. ஆறும்போதெல்லாம் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. மூடியின் ரப்பரும் நகம் பதியாத அளவுக்கு இறுகிக் கிடந்தது.

அந்த மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் சேலத்தில் 100-ஐ ஒட்டிக் கொதிக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 95 போதும். மலை ஏற ஏற என்ஜினுக்கு வேலை கூடுகிறது, கொதிநிலையோ இறங்குகிறது. ஊருக்குள் பேசாமல் ஓடிய வண்டி மலையில் காட்டிக்கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

மே 7

ரேடியேட்டரைக் கழுவினேன். முதலில் வந்தது செம்மண் கரைசல். முன்பு யாரோ போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வீட்டுக் குழாயில் படிய வைக்கும் வெள்ளைப் படிவத்தைத்தான் ரேடியேட்டரிலும் படிய வைக்கும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்வார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியத்தில் அந்த வேலை நடக்காது, அடைத்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

தெர்மோஸ்டாட்டையும் கழற்றினேன், வீசுவதற்கு அல்ல. நூலில் கட்டித் தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். அதன் விளிம்பில் 82 என்று இருந்தது. தெர்மாமீட்டர் அதைத் தாண்டியதும் நடுத்தட்டு மெல்ல எழும்பியது, கொதிக்கும் முன் முழுதாகத் திறந்தது. நல்ல நிலையில் இருக்கிறது. இதைக் கழற்றிவிட்டால் காலையிலும் மழையிலும் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில என்ஜின்களில் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, இன்னும் சூடேறும். காற்றுப் போகும் சின்ன ஓட்டை மேல்பக்கம் வரும்படி வைத்துத் திரும்ப மாட்டினேன்.

புது மூடி, ஒரு முழம் டியூப், இரண்டு கிளிப். மூடிக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. கூலன்ட்டைச் சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டேன். ஃபேன் போட்டு நிற்கும்வரை குமிழிகள் வந்தன. இந்தக் காற்றை வெளியேற்றாமல் மூடிவிட்டுப் போகிறவர்கள்தான் மறுநாள் பட்டறையில் சண்டை போடுகிறார்கள்.

மே 11

தருமபுரிக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாயை ஏசியோடு ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

மலைக்குக் கிளம்புகிறவர்கள் அன்று காலை வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் பாட்டில் மூடிதான் அந்த வேலையைச் செய்யும். அதன் ரப்பரைப் பாருங்கள். பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதே என்று மட்டும் நம்பிப் போக வேண்டாம்.