பேழையிலிருந்து இறங்கினதும் என்ன சாப்பிட்டாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு மகள் கேட்டாள். "ஏம்பா, நோவா தாத்தா பேழையிலிருந்து இறங்கினதும் எல்லாரும் என்ன சாப்பிட்டாங்க?"

பள்ளிக்கூடத்தில் கதை சொல்லியிருக்கிறார்கள். நாற்பது நாள் மழை, நூற்றைம்பது நாள் வெள்ளம், புறா கொண்டுவந்த ஒலிவ இலை, எல்லாம் பிசகாமல் சொல்கிறாள். "கடைசியில திராட்சைத் தோட்டம் போட்டாராம். உப்புத் தண்ணி நின்ன நிலத்துல எப்படிப்பா முளைக்கும்? தாத்தா முளைக்காதுன்னு சொன்னாங்களே?"

மைசூரில் பிறந்து, இந்த ராமாபுரத்தில் வளர்கிற பெண். கடலை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள். இருந்தும் இந்தக் கேள்வி அவளுக்கு வருகிறதென்றால், அது என் அப்பா விட்டுப்போன சொத்து.

நான் படித்தது பி.காம். மண்ணைப் பற்றிப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே. அப்பாவுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். கடைமடைக்கும் கடைமடை. அதற்கு அப்பால் சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சம்பா பால் பிடித்து நின்ற நேரம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்தக் கணக்குக்கு முன்னால் நெல்லைப் பற்றிப் பேசவே கூச்சமாகத்தான் இருக்கும். அப்பாவும் ஒரு மாசம் பேசவில்லை. தை பிறந்த பிறகுதான் வயலுக்குப் போய், ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

வங்கிக்காரன் புத்தி, பிற்பாடு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்குக் கடல் நீர் நின்றால் 1,233 கனமீட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆக ஏக்கருக்கு 43 டன்! பெரும்பகுதி தண்ணீரோடு திரும்பப் போயிருக்கும், சரி. போகாமல் தங்கியதே போதுமானதாக இருந்தது.

2005 மார்ச் வாக்கில் ஒருவர் வந்தார். இறால் பண்ணைக்கு நிலம் வேண்டுமாம். "உப்பேறின நிலம், இனிமே உங்களுக்கு எதுக்குங்கய்யா?" என்றார். நான் அப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 23 வயதுப் பையன். ஒரு வெள்ளைத்தாளில் வட்டி, விளைச்சல் எல்லாம் போட்டு, விற்பதுதான் புத்திசாலித்தனம் என்று அப்பாவிடம் நிரூபித்தேன். தாளை வாங்கிப் பார்த்தார். "வித்துட்டா அந்த உப்பை அவன் வெளியேத்த மாட்டான் தம்பி, இன்னும் உள்ள கொண்டாருவான். பக்கத்து வயலும் போயிரும்" என்றார். அதற்கப்புறம் நாலு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மேலே படிந்த சேற்றை வழித்தெடுத்தார்கள். ஜிப்சம் போட்டார்கள். (அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து களிமண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்டது தண்ணீரோடு வெளியே போகவேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் ஜிப்சமும் தண்டம்.) தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதார்கள். முதல் தடவை அது சொட்டை விழுந்த தலை மாதிரி அங்கங்கேதான் முளைத்தது. நம்மாழ்வார் ஐயா போன்றவர்கள் அந்தப் பக்கம் வந்து ரசாயனம் வேண்டாம், தழையும் சாணமும் போதும் என்று சொன்ன காலம் அது. அப்பா இரண்டு கட்சியிலும் இருந்தார் :-)

நிஜமாகக் காப்பாற்றியது மழை. 2005 வடகிழக்குப் பருவமழை ஊரையெல்லாம் வெள்ளக்காடாக்கியது ஞாபகம் இருக்கும். எல்லாரும் மழையைத் திட்டிக்கொண்டிருக்க, அப்பா வரப்பை உசத்தித் தண்ணீரைத் தேக்கி, வடிய விட்டு, மறுபடி தேக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் குழியடிச்சான் போட்டார், உப்பு தாங்கும் பழைய ரகம். மாவுக்கு இரண்டு மூட்டை. 2008ல் ஏழு மூட்டை. பழைய கணக்குக்கு வந்துவிட்டது.

ஆக, மகளுக்கு நான் சொன்ன பதிலில் முதல் பாதி சுலபம். நிலம் பிழைத்துவிடும். நாலைந்து நல்ல மழைக்காலம் போதும். விதை? டார்வின் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். 87 வகை விதைகளை உப்பு நீரில் ஊறப்போட்டதில் 28 நாளுக்குப் பிறகும் 64 வகை முளைத்தன. 137 நாள் தாங்கியவை ஒரு சிலதான். நோவாவின் வெள்ளம் 150 நாள். பேழையில் விதை ஏற்றியதாக ஆதியாகமம் தனியாகச் சொல்லவில்லை, ஆகாரம் ஏற்றச் சொல்கிறது. அதில் தானியமும் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் கும்பகோணத்துக் கதை இந்த இடத்தில் உஷாரானது. பிரளயத்தில் மிதந்து வந்த கும்பத்தில் படைப்புக்கான விதைகளைத்தான் பிரம்மா வைத்து அனுப்பினார். டெல்டாக்காரர்கள் கதை, வேறெப்படி இருக்கும்!

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்கிற கேள்விக்கு நான் போகவில்லை. உலகத்துப் பனி முழுக்க உருகினாலும் கடல் 70 மீட்டர் போலத்தான் உயரும் என்கிறார்கள். அது வேறு சண்டை.

இரண்டாம் பாதிதான் கஷ்டம். உப்பு விழுந்ததற்கும் ஏழு மூட்டைக்கும் நடுவில் உள்ள அந்த மூன்றரை வருஷம் நாங்கள் எதைச் சாப்பிட்டோம்? ரேஷன் அரிசி. அது உப்பு ஏறாத ஏதோ ஒரு வயலில் விளைந்தது. அம்மாவின் ஆறு பவுன், திருவாரூரில் அடகு. 2006 நடுவில் வேலை கிடைத்து நான் அனுப்ப ஆரம்பித்த பணம். அதே வருஷம் தள்ளுபடியான கூட்டுறவுக் கடன். (தள்ளுபடி என்றாலே வங்கிக்காரர்களுக்கு எரியும். அந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன்.) ஜிப்சம் வெளியிலிருந்து வந்தது, விதை வெளியிலிருந்து வந்தது. கடல் எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் உள்ளே வந்தது. அதற்கு மேற்கே உலகம் ஈரமில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. உலகம் முழுக்க முங்கியிருந்தால் யாரிடம் அடகு வைப்பது? பேழையில் இருந்த எட்டுப் பேருக்கும் அத்தனை மிருகங்களுக்கும் மேற்கு என்று ஒன்று இல்லை.

"அப்ப நாமதான் தாத்தாவுக்கு மேற்கா?" என்றாள் மகள்.

காவிரியைப் பொறுத்தவரை உண்மைதான். கிருஷ்ணராஜசாகர் இங்கே மைசூர் பக்கம்தான் இருக்கிறது. காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அணை மட்டம், 124.80 அடிக்கு எவ்வளவு பாக்கி என்று. இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்களும் அதையேதான் பார்க்கிறார்கள், வேறு கவலையில். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

2018 நவம்பரில் கஜா வந்து வீட்டுக் கொல்லையில் இருந்த தென்னையை எல்லாம் சாய்த்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து அப்பா போய்விட்டார். நிலம் இப்போது குத்தகையில். மறுபடி ஒருத்தர் விலை கேட்கிறார். தங்கை விற்றுவிடலாம் என்கிறாள், அவள் சொல்லும் காரணங்கள் நான் 2005ல் அந்தத் தாளில் எழுதியவைதான்.

அன்று சாயங்காலம் குத்தகைக்காரருக்குப் போன் போட்டேன். போர் தண்ணீர் இந்த வருஷம் ரொம்பக் கரிக்கிறதாம். "அங்க டேம்ல எவ்வளவு தம்பி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.